சிலுவை அணிதல் தகுமா?

தேவாலயத்தின் முகட்டிலே சிலுவை நிற்கிறது. கல்லறையின் தலைமாட்டிலே சிலுவை நிற்கிறது. சிறு குழந்தையின் கழுத்துச் சங்கிலியிலே பொன்னாற் செய்த சிலுவையொன்று ஆடுகிறது. காணும் நமக்கு இவையெல்லாம் இயல்பாகவே தோன்றுகின்றன. கிறிஸ்தவம் என்றால் சிலுவை, சிலுவை என்றால் கிறிஸ்தவம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் கிறிஸ்தவர் அனைவரும் இச்சின்னத்தை ஒரேபடியாக ஏற்றுக்கொண்டவர் அல்லர். இதனை அணிவது பெருமை என்றோர் உண்டு. அணிவது பாவம் என்றோரும் உண்டு. இக்கருத்து வேறுபாட்டின் பொருட்டுத் தலையை இழந்தவர் உளர். நம் காலத்திலே நீதிமன்றத்தின் படியேறியவரும் உளர். ஒரு சிறு சின்னத்தைக் குறித்து இத்துணைப் பூசல் ஏன் எழுந்தது? இருதிறத்தாரும் கூறும் காரணங்கள் யாவை? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். சிலுவை தொடக்கத்தில் ஒரு சமயச் சின்னம் அன்று. அஃது ஒரு கொலைக் கருவி. ரோமப் பேரரசில் அடிமைகளுக்கும், கலகக்காரருக்கும், கொள்ளைக்காரருக்கும் உரிய தண்டனை அது. உயிர் உடனே போகாது; மணிக்கணக்காக, சில வேளைகளில் நாட்கணக்காக, வழிப்போவார் அனைவரும் காணும்படி குற்றவாளி ஆடையின்றித் தொங்குவான். வலியைக் காட்டிலும் மானக்கேடே அத்தண்டனையின் நோக்கம். ஸ்பார்ட்டகஸ் என்பவனுடைய தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், கி. மு. 71-இல், சிறைப்பட்ட 6,000 பேரைக் காப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரை நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவையில் அறைந்தனர். சிசரோ என்னும் நாவலர், சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் காதில் விழலாகாது என்ற கருத்தை ஒரு வழக்கில் எடுத்துரைத்தார். 1968-இல் எருசலேம் நகரின் வடபால் ஒரு பழங்கல்லறையைத் திறந்தபோது, குதிகால் எலும்பொன்றிலே இரும்பாணி பாய்ந்தபடியே இருக்கக் கண்டனர். ஏறத்தாழ இயேசுநாதரின் காலத்தில் சிலுவையில் மாண்ட ஒருவனின் எலும்பு அது.

நம் நாட்டிலும் முற்காலத்திலே கழுமரம் இருந்தது. அக்கழுமரத்தைப் பொன்னிலே சிறிதாகச் செய்து ஒருவர் கழுத்தில் அணிந்து வந்தால் நமக்கு என்ன தோன்றும்? ஏறக்குறைய அதே எண்ணந்தான் முதல் மூன்று நூற்றாண்டுகளில் சிலுவையைக் குறித்து உலகோருக்கு இருந்தது.

இதற்குச் சான்றாக ரோமாபுரியிலே ஒரு சுவர்க் கிறுக்கல் இன்றும் இருக்கிறது. பாலத்தீன் குன்றில் பேரரசரின் அரண்மனையைச் சார்ந்த கட்டடம் ஒன்றில், 1857-இல் அதனைக் கண்டெடுத்தனர். கழுதைத் தலையும் மனித உடலும் கொண்ட ஓர் உருவம் சிலுவையிலே தொங்குகிறது. அதன் அருகே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சாமெனோஸ் என்பவன் தன் கடவுளை வணங்குகிறான் என்ற பொருள்பட, கொச்சைக் கிரேக்கத்தில் கீழே எழுதியிருக்கிறது. கி. பி. 200-ஐ ஒட்டிய காலத்ததாக அதனைப் பலரும் மதிப்பர். உடனிருந்த எவனோ ஒருவன், கிறிஸ்தவனான அலெக்சாமெனோஸைக் கேலி செய்து கீறிய படம் அது. இன்று நமக்குக் கிடைக்கும் சிலுவைக் காட்சிப் படங்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று பக்தன் வரைந்ததன்று, பகைவன் கீறியது என்பது எண்ணத்தக்கது.

ஆதிக் கிறிஸ்தவர்கள் சிலுவையை வெளிப்படையாக வரைந்து வைக்கத் தயங்கினர். ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் அவர்கள் தீட்டிய ஓவியங்களிலே ஆடு சுமக்கும் மேய்ப்பன் இருக்கிறான், புறா இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது, மீன் இருக்கிறது. மீன் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துக்களும், இயேசு கிறிஸ்து, தேவ குமாரன், இரட்சகர் என்னும் பொருள் தரும் சொற்களின் முதலெழுத்துக்களாக அமைந்தன. முத்திரை மோதிரத்தில் எவற்றைப் பொறிக்கலாம் என்று அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து என்னும் அறிஞர் பட்டியலிட்டபோது, புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைக் கூறினார், சிலுவையைக் கூறவில்லை. 'நாங்கள் சிலுவைகளை வழிபடுவதுமில்லை, விரும்புவதுமில்லை' என்னும் கருத்துப்பட மினுசியஸ் பெலிக்ஸ் என்பவர் தம் நூலில் ஒரு கிறிஸ்தவனைப் பேசவைத்தார்.

எனினும், சிலுவையை அவர்கள் அடியோடு மறந்திருந்தனர் என்று எண்ணுவது பிழை. உண்ணும்போதும் உறங்கும்போதும், வெளியே புறப்படும்போதும் வீட்டுக்குள் நுழையும்போதும், நெற்றியில் விரலால் சிலுவைக் குறி இட்டுக்கொள்ளும் வழக்கம் தங்களுக்கு உண்டென்று 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன் எழுதினார். சுவரில் நிலையாக நிற்கும் சிலுவை இல்லை. காற்றிலே கீறி மறையும் சிலுவை இருந்தது. சின்னத்தைக் காட்டுவதற்கும், சின்னத்தால் தன்னை நினைவூட்டிக் கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நாம் காண்கிறோம். பின்னால் எழுந்த பூசல்களுக்கெல்லாம் வேர் இவ்வேறுபாட்டிலேயே இருக்கிறது.

கி. பி. 312-இல் கான்ஸ்டன்டைன் ரோமாபுரியை அடுத்த மில்வியன் பாலத்தருகே போரில் வென்றான். கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் அடையாளத்தைத் தன் படையின் கொடியிலே ஏற்றினான். பேரரசு கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தது. சிலுவைத் தண்டனையும் அந்த நூற்றாண்டிலே வழக்கொழிந்தது. கொலைமரத்தைக் கண்ணாரக் கண்ட தலைமுறை மறைந்த பிறகே, அதன் உருவை அணியாகக் கொள்ளும் தலைமுறை தோன்றியது. ரோமாபுரியில் புனித சபீனா ஆலயத்தின் மரக்கதவிலே, ஏறத்தாழ கி. பி. 430-இல் செதுக்கிய சிற்பமொன்று இருக்கிறது. அதில் இயேசுநாதர் கைவிரித்து நிற்கிறார், கண்கள் திறந்திருக்கின்றன, சிலுவை மரம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. அக்காலச் சிற்பிக்கு அக்காட்சியைச் செதுக்க இன்னும் கூச்சம் நீங்கவில்லை போலும். கொலோன் நகரப் பேராலயத்தில் 10-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பெரிய மரச்சிற்பத்திலோ, தலை சாய்ந்து, உடல் தளர்ந்து, உயிர் நீத்தவராகவே அவர் காட்சியளிக்கிறார். கூச்சம் போய் உருக்கம் வந்தது; உருக்கத்தின் பின்னே வணக்கமும் வந்தது.

வணக்கம் வந்த இடத்திலே வினாவும் வந்தது. மரத்தை வணங்கலாமா? யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவான பத்துக் கட்டளைகளுள் ஒன்று, உருவம் செய்து வணங்குவதைத் தடுக்கிறது. அன்றியும், பழைய ஏற்பாட்டில் ஒரு வரலாறு உண்டு. பாலைவனத்தில் பாம்பு தீண்டிய மக்கள் பிழைக்கும் பொருட்டு, மோசே கடவுளின் கட்டளைப்படி வெண்கலப் பாம்பொன்றைக் கம்பத்தில் உயர்த்தினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், மக்கள் அவ்வெண்கலத்துக்கே தூபங்காட்டத் தொடங்கினர். எசேக்கியா அரசன் அதனை உடைத்தெறிந்தான். அந்தப் பாம்பைச் சிலுவைக்கு முன்னடையாளமாக யோவானின் சுவிசேஷம் கூறுகிறது. ஆகவே இருதிறத்தாரும் இதனையே தமக்குச் சான்றாகக் கொண்டனர். கடவுளே உயர்த்தச் சொன்ன சின்னம் என்றனர் ஒருசாரார். கடவுள் தந்ததேயாயினும் வணக்கம் அதன்மேற் சென்றால் உடைக்க வேண்டியதே என்றனர் மறுசாரார்.

8-ஆம் நூற்றாண்டிலே கான்ஸ்டான்டிநோபிள் நகரில் உருவ எதிர்ப்பு மூண்டது. வியப்பு யாதெனில், படங்களை அழித்த அவ்வெதிர்ப்பாளரும் வெறுஞ்சிலுவையை அழிக்கவில்லை. 740-இல் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப் பின் புதுக்கப்பட்ட புனித ஐரீன் ஆலயத்தின் கருவறை வளைவிலே, பொன்னிறப் பின்னணியில் எவ்வுருவமும் இன்றித் தனியே நிற்கும் சிலுவையை இன்றும் காணலாம். உருவம் வேறு, குறி வேறு என்பது அவர்கள் கருத்து. 787-இல் கூடிய நிசேயா சங்கமோ, கடவுளுக்கே உரிய ஆராதனை ஒன்று, சின்னங்களுக்குச் செலுத்தும் மரியாதை மற்றொன்று என்று பிரித்து, இரண்டாவது தகும் என முடிவு செய்தது.

இவ்வழக்கு மீண்டும் பற்றியெரிந்த இடம் சுவிட்சர்லாந்திலுள்ள சூரிக் நகரம். அங்கே சுவிங்கிலி என்னும் சீர்திருத்தப் போதகர், வேதத்தில் இல்லாத வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று பேசி வந்தார். 1523-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கிளாஸ் ஹொட்டிங்கர் என்னும் சக்கிலித் தொழிலாளி, அதாவது காலணி தைப்பவர், தம் தோழர்களுடன் நகர வாயிலுக்கு வெளியே ஸ்டாடல்ஹோபன் என்னுமிடத்திற்குச் சென்றார். அங்கே வழியோரத்தில் பெரியதொரு மரச்சிலுவை நின்றது. அதனைத் தோண்டிச் சாய்த்தார். கடவுளின் சாயல் மரத்தில் இல்லை, பசித்திருக்கும் ஏழையிடத்தே உள்ளது என்பது அவரைப் போன்றோர் கொண்ட கொள்கை. மரத்தை விற்று வரும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதே தம் எண்ணம் என்றும் அவர் கூறினார்.

நகர மன்றம் திகைத்தது. கொள்கை சரியாயினும் செயல் குற்றமன்றோ? ஊராரின் பொதுவுடைமையைத் தனிமனிதன் சாய்ப்பது தகுமோ? அவரைச் சிறையில் இட்டனர். அக்டோபர் மாதம் உருவங்களைப் பற்றியும் பூசையைப் பற்றியும் மூன்று நாள் பொது வாதம் நடைபெற்றது. முடிவில் ஹொட்டிங்கர் நாடுகடத்தப்பட்டார். வெளியேறியவர் கத்தோலிக்கப் பகுதியிலே பிடிபட்டார். 1524 மார்ச்சு மாதம் லூசர்ன் நகரில் அவருடைய தலை வெட்டுண்டது. மூன்று திங்கள் சென்றன. அதே சூரிக் மன்றம், ஆலயங்களிலுள்ள உருவங்களை ஒழுங்காக அகற்றும்படி ஆணையிட்டது. கதவுகளை அடைத்துக்கொண்டு, தச்சரும் கொல்லரும் சுரூபங்களையும் படங்களையும் இறக்கினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர். எதன் பொருட்டு ஒருவர் நாடுகடத்தப்பட்டாரோ, அதனையே ஓராண்டிற்குள் நகரம் முறைப்படி செய்து முடித்தது. இதைப் படிக்கும்போது ஹொட்டிங்கரிடத்தே நமக்கு இரக்கம் தோன்றுகிறது. ஆனால், அவ்வழியே நாள்தோறும் சென்று அச்சிலுவையின் முன்னே தன் துயரை இறக்கி வைத்த ஏழைக் கிழவி ஒருத்தி இருந்திருப்பாளாயின், அன்று மாலை அவள் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே சீர்திருத்த இயக்கத்தின் முதல்வராகிய மார்ட்டின் லூத்தர் இவ்வகை உடைப்பை ஏற்கவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிக் கேட்கும்போது, விரும்பினும் விரும்பாவிடினும் சிலுவையில் தொங்கும் ஒரு மனிதனின் உருவம் தம் உள்ளத்தில் எழுகிறது என்றும், உள்ளத்தில் இருப்பது பாவமன்றெனில் கண்ணெதிரே இருப்பது மட்டும் எங்ஙனம் பாவமாகும் என்றும் அவர் 1525-இல் வாதிட்டார். முதலில் நெஞ்சத்திலுள்ள விக்கிரகத்தை அகற்றுங்கள். பின்னர்க் கையிலுள்ளது தானே ஆற்றலை இழக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதனாலேயே லூத்தரன் ஆலயங்களிற் சிலுவை நிலைத்தது. சுவிங்கிலி, கால்வின் வழிவந்த ஆலயங்கள் பலவற்றில் நெடுங்காலம் அது மறைந்தது.

மறுத்தோர் சிலர் மிகவும் கடுமை காட்டினர். 1634-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஜான் எண்டிகாட் என்பவர் இங்கிலாந்தின் கொடியிலிருந்த செஞ்சிலுவையையே வெட்டியெறியச் செய்தார். குவேக்கர் என்னும் நண்பர் சங்கத்தாரின் கூடங்களிலோ சிலுவையும் இல்லை, பீடமும் இல்லை. ஆனால் அச்சங்கத்தைச் சார்ந்த வில்லியம் பென் லண்டன் கோட்டைச் சிறையிலிருந்து எழுதிய நூலுக்கு இட்ட பெயர், 'சிலுவையின்றி முடியில்லை' என்பதாகும். மரத்தை விலக்கியவர் கருத்தை விலக்கவில்லை.

சிலுவையின் வடிவத்தையே ஐயுறுவோரும் உளர். யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவினர் தம் இதழின் முகப்பில் இருந்த சிலுவையை 1931-இல் நீக்கினர். புதிய ஏற்பாட்டிலுள்ள கிரேக்கச் சொல் குறுக்குச் சட்டமில்லாத கம்பத்தையே குறிக்கும் என்பர். அச்சொல்லின் பழைய பொருள் கம்பம் என்பது உண்மையே. ஆயினும் சொற்பொருள் காலத்தால் விரியும். கிறிஸ்தவ நூல்களுள் மிகப் பழையவற்றைச் சார்ந்த பர்னபாவின் நிருபம் என்னும் ஏடு, சிலுவையைக் குறுக்குக்கோடு கொண்ட 'தௌ' என்னும் கிரேக்க எழுத்தோடு ஒப்பிடுகிறது. ஆகவே குறுக்குச் சட்டமுள்ள வடிவம் பிற்காலக் கற்பனை எனல் பொருந்தாது.

இதுவரை கிறிஸ்தவர்களுக்குள்ளே எழுந்த வாதத்தைக் கண்டோம். அணிவதும் அணியாததும் தம் விருப்பில் இல்லாதிருந்த மக்களும் உண்டு. எகிப்தை ஆண்ட அல்-ஹாக்கிம் என்னும் கலீபா, 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்கள் பாரமான மரச்சிலுவையைக் கழுத்திலே தொங்கவிட்டுத் திரிய வேண்டும் என்று ஆணையிட்டான். பெருமைக்காகச் சிலர் அணிவதை இழிவுக்காக அவன் அணிவித்தான். இன்றோ அந்நாட்டின் கோப்டிக் கிறிஸ்தவர் பலர் மணிக்கட்டிலே சிலுவையைப் பச்சை குத்திக் கொள்கின்றனர். ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்ட காலத்தே, 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கிறிஸ்துவின் உருவம் பொறித்த தகட்டை மக்கள் காலால் மிதித்துக் காட்ட வேண்டியிருந்தது. மிதிக்க மறுத்தவர் கிறிஸ்தவர் என்று அறியப்பட்டார். சின்னம் வெறும் உலோகமே என்று வாதத்திலே சொல்லிவிடலாம். அதன்மேற் காலை வைக்கும் நொடியிலே அவ்வாறு சொல்வது எளிதன்று.

நம் தமிழகத்திலும் இவ்வரலாற்றின் சுவடுகள் இல்லாமல் இல்லை. சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் ஆலயத்திற்குக் கடைகால் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கற்பலகையொன்று கிடைத்தது. அதனைச் சுற்றிப் பழம் பாரசீக மொழியாகிய பகலவியில் எழுத்துக்கள் உள்ளன. அதில் இயேசுநாதரின் உருவம் இல்லை. மேலே ஒரு புறா இறங்குகிறது. சிலுவையே தனித்து நிற்கிறது. ஐரோப்பியர் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கீழைத் திருச்சபையோடு தொடர்புடைய கிறிஸ்தவர்கள் நம் கடற்கரையிலே வெறுஞ்சிலுவையை வைத்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

பின்னர் 1704-இல், போப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பார் ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையாரின் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது. மணவடையாளம் வேண்டுமாயின் சிலுவையையோ, கிறிஸ்து அல்லது மரியன்னையின் உருவத்தையோ அணியலாம் என்பது அதன் ஒரு பகுதி. ஐரோப்பாவிலே சீர்திருத்தக்காரர் சிலுவையை உருவ வழிபாடு என்று வீழ்த்தியிருக்க, இங்கே உருவ வழிபாட்டுக்கு மாற்றாகச் சிலுவை தாலியில் ஏறியது. இன்றும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் பலரின் தாலியிலே சிலுவை உண்டு. அங்கே அது சமயக் குறி மட்டுமன்று. இல்லறத்தின் குறியும் ஆகும்.

நம் காலத்திலே இவ்வழக்கு போதகரின் மேடையிலிருந்து நீதிபதியின் இருக்கைக்குச் சென்றுள்ளது. பிரான்சு நாடு 2004-இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசுப் பள்ளி மாணவர் பெரிய சிலுவை முதலிய கண்ணைக் கவரும் சமயச் சின்னங்களை அணியலாகாது, சிறியதாயின் தடையில்லை. இத்தாலியப் பள்ளி வகுப்பறைகளில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை எதிர்த்து ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-இல் அவருக்குச் சார்பாகவும், அதன் பேரமர்வு 2011-இல் அவருக்கு எதிராகவும் தீர்ப்பளித்தன. அவ்வழக்கிலே இத்தாலிய அரசு, சிலுவை தன் நாட்டின் பண்பாட்டுக்கும் அடையாளமாகும் என்று வாதிட்டது. சின்னம் நிலைபெற்றது, ஆயினும் அதனைக் காக்கும் பொருட்டு அதன் சமயப் பொருளைக் குறைத்துக் கூறவேண்டியதாயிற்று என்று வருந்திய கிறிஸ்தவரும் உண்டு.

2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நம் வினாவை நேரே தொடுகிறது. இங்கிலாந்தில் விமான நிறுவன ஊழியரான ஒரு பெண்மணி சீருடையின் மேல் சிறு சிலுவை அணிந்ததற்காக வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். சிலுவை அணிவது கிறிஸ்தவர்க்குக் கட்டாயக் கடமை அன்றே என்று அரசு வாதிட்டது. நம்பிக்கையின் வெளிப்பாடாக இருந்தாற் போதும், கட்டாயக் கடமை என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்று கூறி, நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே நாளில், மருத்துவமனைத் தாதி ஒருவரின் முறையீட்டை அது தள்ளியது. நோயாளி பற்றியிழுத்தாற் காயம் நேரும் என்றும், திறந்த புண்ணிற் சங்கிலி படலாம் என்றும் மருத்துவமனை கூறிய காரணத்தை அது ஏற்றது. ஒருவர் கழுத்திற் சிலுவை தகும், மற்றொருவர் கழுத்திற் பணி நேரத்தில் தகாது என்ற இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும், ஒரு நெறியில் அடங்குவனவே. மனச்சான்றின் உரிமை பெரிது. பிறர் உடலுக்குத் தீங்கு நேராமை அதனினும் முதன்மையானது.

ஆயின், அணிதல் தகுமா, தகாதா? சட்டம் உரிமையைத்தான் கூறும்; தகுதியை அவரவர் உள்ளமே கூறவேண்டும். அணிவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் உண்டு. இச்சின்னம் எனக்கு நினைவூட்டுகிறதா, அல்லது பிறருக்கு என்னை விளம்பரப்படுத்துகிறதா? வேதவாக்கியப் பேழைகளை அகலமாக்கி அணிந்து பக்தியைப் பறைசாற்றியவரை இயேசுநாதரே கடிந்தார் அல்லவா? கழுத்திலுள்ள பொன்னின் எடையைக் கருதுகிறேனா, கல்வாரியில் நின்ற மரத்தின் எடையைக் கருதுகிறேனா? அணியாதாரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் விலக்குவது விக்கிரகத்தையா, அல்லது பிறர் நகைப்பார் என்ற அச்சத்தினாலா? பிறன் போற்றும் சின்னத்தை இகழ எனக்கு உரிமை உண்டோ?

இவ்வரலாறு பிற சமயத்து மாணவருக்கும் பாடமாகும். திருநீறும் திருமண்ணும், தொப்பியும் தலைப்பாகையும் இதே வினாவை நம் முன் வைக்கின்றன. சின்னத்தை வற்புறுத்தி அணிவித்தவரும், வற்புறுத்திக் களைந்தவரும் வரலாற்றிலே நற்பெயர் பெறவில்லை.

இறுதியாக, அந்தச் சுவர்க் கிறுக்கலிடம் திரும்புவோம். அலெக்சாமெனோஸின் கழுத்திலே சிலுவை இருந்ததாக அப்படம் காட்டவில்லை. அவன் கிறிஸ்தவன் என்பது உடனிருந்தோருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கேலி செய்யும் அளவுக்குத் தெரிந்திருந்தது. அதே கட்டடத்தின் மற்றோர் அறையிலே, அலெக்சாமெனோஸ் உண்மையுள்ளவன் என்று பொருள்படும் இரண்டு சொற்கள் பொறித்திருக்கக் கண்டனர். எழுதியவன் அவனோ, அவன் நண்பனோ, மீண்டும் கேலி செய்தவனோ, அறியோம். சிலுவையை அணிபவர் ஆயினும் அணியாதவர் ஆயினும், அயலார் தம்மைக் குறித்து அச்சொல்லை எழுதும்படி வாழ்வாராயின், அதுவே போதும்.